கோட்டு அலமாரியில் இருந்த வாளி

பகல் ஒன்றரை மணிக்குச் செய்தி வந்தது. பள்ளிச் சமையற்கூடத்தில் பிள்ளைகளின் சாப்பாடு முடிந்து, நோலா பெரிய தட்டுகளைச் சுடுநீரில் அலசிக்கொண்டிருந்தாள். வாசலில் டுவேன் வந்து நின்றான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். தூங்கும்போதும் தொப்பியோடு தூங்குகிறவன் என்று அவனை ஊரே கேலி செய்யும். அந்த வழுக்கைத் தலையைப் பார்த்ததும் நோலா குழாயை மூடினாள். அவன் வாய் திறப்பதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ரெனே தோட்டத்தில், பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் ஹாப் பூவைப் பறிக்கும் இயந்திரம் காலையில் நின்றுபோயிருந்தது. அறுவடை நடக்கும்போது இயந்திரம் நின்றால் மாக்சி ஊரில் எல்லோரும் கூப்பிடுவது அவளுடைய கணவன் ஆர்லனைத்தான். அவன் போய்ச் சங்கிலியைச் சரிசெய்து, ஓடவிட்டு, சத்தத்தைக் கொஞ்ச நேரம் நின்று கேட்டிருக்கிறான். பிறகு டிராக்டர் நிழலில் போய்ச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தான். தண்ணீர் கொண்டுபோனவர்கள் தூங்குகிறான் என்று நினைத்தார்களாம். வயது அறுபத்தொன்று.

அறுவடை மாதத்தில் சாகிறவருக்கு மாக்சியில் முழுத் துக்கம் உடனே கிடைக்காது. ஹாப் பூ முற்றிவிட்டால் ஒரு வாரம்கூடப் பொறுக்காது. இரவும் பகலும் பறிக்க வேண்டும், உலர்த்த வேண்டும், மூட்டை கட்ட வேண்டும். அதனால் அடக்கம் அவசரமாக நடக்கும். ஆண்களும் பெண்களும் வயல் பூட்ஸோடு, பூவின் பிசின் ஏறிக் கறுத்த கைகளோடு வந்து நிற்பார்கள். பாதர் கான்ராட் பிரசங்கத்தைப் பாதியாகக் குறைத்துவிடுவார். கடைசி வயலும் வெட்டி முடிந்தபின், அக்டோபர் கடைசியில், கோயில் கூடத்தில் ஒரு விருந்து வைப்பார்கள். இறந்தவரைப் பற்றிப் பேசுவது, அழுவது, சிரிப்பது எல்லாம் அன்றைக்குத்தான்.

வீட்டுக்கு வந்து கோட்டை மாட்ட அலமாரியைத் திறந்தபோது, அடித்தட்டிலிருந்து குமிழி வெடிக்கும் சத்தம் கேட்டது. குளிர்காலக் கோட்டுகளுக்குக் கீழே, பள்ளிச் சமையற்கூடத்துக்கு ஊறுகாய் வந்த பெரிய வெள்ளை வாளி இருந்தது. மூடியில் சொருகிய சின்னக் குழாயில் தண்ணீர் மெதுவாகக் குமிழ்விட்டது. முந்தின வாரம் ஞாயிற்றுக்கிழமை ஆர்லன் காய்ச்சி வைத்த கறுப்பு பீர் அது. இந்தச் சத்தத்துக்காகவே அவனோடு அவள் எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறாள். வீட்டில் இருட்டாகவும் ஒரே சீரான சூட்டிலும் இருப்பது அந்த அலமாரி மட்டும்தான் என்று அவனும் ஒவ்வொரு முறையும் அதே பதிலைச் சொல்லியிருக்கிறான். கோட்டை மாட்டாமல் அவள் அலமாரியின் முன்னாலேயே தரையில் உட்கார்ந்தாள்.

ஆர்லன் அதிகம் பேசாதவன். கியூபெக்கிலிருந்து வந்து இந்தப் பள்ளத்தாக்கில் ஹாப் கொடி நட்ட குடும்பங்களில் ஒன்று அவனுடையது. ஆனால் அவன் அப்பா காலத்திலேயே நிலம் கைவிட்டுப் போய்விட்டது. மற்றவர்கள் தோட்டத்தில் மற்றவர்களின் இயந்திரங்களைப் பழுதுபார்த்தே காலம் போயிற்று. பேச்சு வருவது பீரைப் பற்றி மட்டும்தான். ஊரில் பீர் காய்ச்சுகிறவர்கள் மாதம் ஒருமுறை டுவேனின் தீவனக் கடைப் பின்கட்டில் கூடுவார்கள். அங்கே ஆர்லனுக்கும் டுவேனுக்கும் தீராத வழக்கு ஒன்று உண்டு. கறுப்பு பீர் என்றால் கருகின வாசனை வேண்டும், ஹாப் பூவின் கசப்பு அதற்கு ஆகாது என்பது டுவேன் கட்சி. இரண்டும் ஒரே கிளாஸில் இருக்க முடியும் என்பது ஆர்லன் கட்சி. வருகிறவர்களைக் கண்ணை மூடச் சொல்லிக் குடிக்கக் கொடுப்பான். "என்ன நெறம், சொல்லு" என்பான். பொன்னிறம் என்று சொன்னால் அன்று முழுவதும் அவனுக்கு வாயெல்லாம் பல்.

"கறுப்பா வேணும்னா காப்பி குடிச்சுட்டுப் போ," என்பான் டுவேன்.

"உன் கடைக் காப்பியக் குடிச்சுத்தாண்டா இந்த யோசனையே வந்துச்சு," என்பான் ஆர்லன்.

மாநிலக் கண்காட்சிப் போட்டிக்கு ஒவ்வொரு வருஷமும் அனுப்புவான். ஹாப் அதிகம் என்று ஒவ்வொரு வருஷமும் திரும்பி வரும். அறுவடை தொடங்கும் வாரத்தில், கராஜில் இருக்கும் எல்லாப் புட்டிகளையும் வயல் ஆட்களுக்குக் கொடுத்துக் காலி செய்துவிடுவான். ஆகவே அவன் செத்த அன்று கராஜ் அலமாரியில் ஒரு புட்டிகூட இல்லை. மிச்சம் இருந்தது இந்த வாளி மட்டும்.

அடக்கத்துக்கு நாள் குறிக்க அன்று சாயங்காலமே பாதரும் டுவேனும் வந்தபோது, நோலா தன் முடிவைச் சொன்னாள். கூட இருந்தவள் மரிசெலா. ரெனேயின் உலர்த்துக் கொட்டகையைப் பார்த்துக்கொள்கிறவள். பீர் காய்ச்சுகிற கூட்டத்திலேயே கூர்மையான நாக்கு அவளுடையது.

"அந்த வாளிய விருந்தன்னிக்கு ஊத்தணும்," என்றாள் நோலா. "அவன் வாழ்க்கை பூரா ரிப்பேர் பண்ணினதெல்லாம் மத்தவங்களோடது. அவனே உண்டாக்கினதுன்னு பாத்தா இது ஒண்ணுதான். அது கெட்டுப்போகாம அவங்கைப் பக்குவத்துலயே எல்லாரும் குடிக்கணும். வேற எதுவும் எனக்கு வேண்டாம்."

மூவரும் தலையாட்டினார்கள். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

அடுத்த சில நாட்கள் வீட்டில் ஆள் நடமாட்டம் ஓயவில்லை. அலுமினியத் தாள் மூடிய தட்டுகளில் சீஸும் உருளைக்கிழங்கும் கோழியும் வந்து குவிந்தன. ஃபிரிட்ஜில் இடமில்லாமல் நோலா பாதியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாள். வந்தவர்கள் கோட்டைக் கழற்றி அலமாரியில் மாட்டினார்கள், உட்கார்ந்தார்கள், எழுந்து போனார்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் போனபின் அவள் ஃப்ரீசரைத் திறந்தாள். நுரை அடங்கினதும் போட வேண்டும் என்று ஆர்லன் எடுத்து வைத்திருந்த ஹாப் பாக்கெட் அங்கே இருந்தது. பச்சைத் தூளை அழுத்தி உருட்டிய சின்னச் சின்ன உருண்டைகள். "வர்ற ஞாயித்துக்கெழம எனக்கு ஞாபகப்படுத்து" என்று அவன் சொல்லியிருந்தான். வாளியின் மூடியைத் தூக்கி உருண்டைகளைக் கொட்டினாள். கறுப்பில் அவை ஒரு நிமிஷம் மிதந்து, கரைந்து, கீழே போயின. முப்பது வருஷத்தில் அவன் பீரில் அவள் கைவைத்தது அதுவே முதல் தடவை.

செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமை புட்டியில் அடைக்கும் வேலை வைத்துக்கொண்டார்கள். உதவிக்கு மூவரும் கராஜுக்கு வந்துவிட்டார்கள். டுவேன் மூடியைத் திறந்தான். மேலே முழு ஹாப் பூக்கள் ஊறிப்போய் மிதந்தன. அவன் கொஞ்சம் திகைத்தது நோலாவுக்குத் தெரிந்தது. ஆனாலும் குழாயை விட்டு ஒரு கிளாஸ் இறக்கினான். குடித்தான். கண்ணில் தண்ணீர் நின்றது.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. நல்லாருக்கு," என்றான். கண்ணைப் புறங்கையால் துடைத்தான்.

நோலா அதைத் துக்கம் என்று நினைத்தாள். மரிசெலா கிளாஸை வாங்கிக் குடித்தாள். பீர் விஷயத்தில் மட்டும் அவளுக்குப் பொய் சொல்ல வராது.

"மாட்டுக்கு வச்ச புல்லக் கடிச்ச மாதிரி இருக்கு," என்றாள். "நோலா, நீங்க எதாவது போட்டீங்களா?"

"அவன் எடுத்து வச்ச பாக்கெட்டப் போட்டேன். ஞாயித்துக்கெழம."

"நீங்களா போட்டீங்க?"

"பின்ன யாரு போடுவா?"

மரிசெலா தரையைப் பார்த்தாள். "நான் போட்டேன்," என்றாள். "அடக்கத்துக்கு மறுநாள், கோட்டு மாட்டப் போனப்ப. தெறந்து பாத்தேன், மேல ஒண்ணுமே இல்ல. ஆர்லன் போடறதுக்கு முன்னாடியே போயிட்டாரு, உங்களுக்கு இதெல்லாம் தெரியாது, இந்த நேரத்துல உங்களைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னு..."

"நீ ஏன் போட்டே?" என்றான் டுவேன். "நான் வியாழக்கெழமையே போட்டுட்டேனே."

பிறகு மூன்று பேரும் பாதரைப் பார்த்தார்கள். மேலே மிதந்த முழுப் பூக்களையும் பார்த்தார்கள். கோயில் வேலியில் படர்ந்திருக்கும் ஹாப் கொடியைத் தெரியாதவர்கள் ஊரில் கிடையாது.

"திங்கக்கெழம வந்தப்ப கொஞ்சந்தான்," என்றார் பாதர் கான்ராட். "ஒரு கைப்பிடி."

டுவேன் மிதந்த பூக்களை எண்ணுவதுபோல் குனிந்து பார்த்தான்.

"கோட்டுல ரெண்டு பையிலயும் கொண்டாந்தேன்," என்றார்.

"பாவசங்கீர்த்தனத்துல எங்களை மட்டும் இவ்வளவு லேசுல விடமாட்டீங்க பாதர்," என்றான் டுவேன்.

வேறு ஊராக இருந்தால் இரண்டாவது ஆள் மூடியைத் திறந்ததுமே வாசனை காட்டிக்கொடுத்திருக்கும். அறுவடை மாதத்து மாக்சியில் காற்றே ஹாப் வாசனைதான். தலைமுடி, லாரி இருக்கை, தலையணை உறை, அலமாரியில் மாட்டிய கோட்டுகள் எல்லாவற்றிலும் அதே வாசனை. வாளி என்ன வாசனை வீசினாலும் அங்கே எந்த மூக்குக்கும் எட்டாது. உருண்டைகள் கறுப்புக்குள் மூழ்கிவிட்டன. ஒவ்வொருவரும் தான் மட்டுமே ஆர்லனுக்குக் கடைசியாக ஒரு கை உதவியதாக நினைத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

நோலா கத்தவில்லை. ஆர்லனின் வேலை மேசையோரம் இருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். இதற்குள் அவளும் ஒரு வாய் குடித்துப் பார்த்திருந்தாள். நாக்கு மரத்துப்போகும் பச்சைக் கசப்பு. அவனுடைய பீர் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டிருந்தால் அவளால் சொல்லியிருக்க முடியாது. ஆனால் இது அது இல்லை என்பது தெரிந்தது.

"ஊத்திடுங்க," என்றாள்.

டுவேன் தொப்பியைச் சரிசெய்துகொண்டான்.

"டுவேன், உங்கிட்டதான் சொல்றேன். எடுத்துட்டுப் போயி வாசல் சாக்கடையில ஊத்து."

"என்னால முடியாது நோலா. வேணும்னா என்னை அடி."

அவளே எழுந்து வாளியின் பிடியைப் பற்றினாள். தூக்க முடியாத கனம். மரிசெலா அவள் கைமேல் கைவைத்துத் தடுத்தாள். இன்னொரு கிளாஸ் இறக்கி, கண்ணை மூடிக்கொண்டு, வாயில் வைத்து உருட்டினாள். விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. கடைசியில் விழுங்கிவிட்டுக் கண்ணைத் திறந்தாள்.

"கெட்டுப்போகல," என்றாள். "அடியில அவரோடது அப்படியே இருக்கு. மேல நாங்கதான் ஏறி உக்காந்திருக்கோம்."

பூ போடாத கறுப்பு பீர் ஒன்று தனியாகக் காய்ச்சி இதோடு கலந்தால், நாலு பங்கு ஹாப் இரண்டு மடங்கு பீருக்குப் பரவிவிடும் என்றாள். விருந்துக்கு இன்னும் நாள் இருந்தது. நோலா கேட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் அது எப்படி அவன் பீர் ஆகும் என்று கேட்டாள்.  முழுசாக ஆகாது, ஆனால் ஊற்றிவிட்டால் கொஞ்சம்கூட இருக்காது என்றாள் மரிசெலா.

"நான் காய்ச்சறேன்," என்றாள் நோலா கடைசியில். "நீங்க பக்கத்துல இருந்து சொல்லுங்க. ஆனா யாரும் எதையும் போடக் கூடாது. பாதர், கைய வெளிய எடுங்க."

பாதர் கோட்டுப் பையிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்துக் காட்டினார். அன்றைக்கு முதல் முறையாக நோலாவின் உதட்டில் ஏதோ அசைந்தது. டுவேன் பழைய பீரை மெல்லிய குழாயால் வேறு வாளிக்கு வடித்து, பூக்களை அப்புறப்படுத்தி, ரெனேயின் குளிர் அறையில் கொண்டுபோய் வைத்தான்.

எந்தத் தானியம் எவ்வளவு என்பது அவனுக்கு மனப்பாடம். ஆர்லன் கடைக்குள் வருவதற்கு முன்பே எடுத்து வைத்து வருஷக்கணக்கில் பழகினவன். முளைகட்டி உலர்த்திய வெளிர் பார்லி மால்ட் பெரும்பங்கு, கொஞ்சம் கோதுமை, கையளவு கேரமல் நிற மால்ட், பிறகு தோல் நீக்கி வறுத்த கறுப்பு மால்ட். அந்தக் கறுப்பு மால்ட்டை என்ன செய்வது என்று சொல்ல மரிசெலா வாயெடுத்தபோது, நோலா மறித்தாள்.

"அது எனக்குத் தெரியும். என் சூப்புப் பாத்திரத்துலதானே ஊறப்போடுவான். எத்தனை தடவை சூப்பு வைக்கப் பாத்திரம் இல்லாம நின்னிருக்கேன்."

தோல் நீக்கிய கறுப்பு மால்ட்டைச் சுடுநீரில் மற்றதோடு சேர்த்து வேகவைத்தால் கருகல் இறங்கி, ஹாப் பூவோடு மல்லுக்கு நிற்கும். ஆர்லன் அதைத் தனியாக நொறுக்கிப் பச்சைத் தண்ணீரில் முதல் நாளே ஊறவைப்பான். மறுநாள் வடிகட்டி, அந்தக் கறுப்புத் தண்ணீரை மட்டும் கொதி முடியும் நேரத்தில் ஊற்றுவான். நிறம் வரும், கருகல் வராது. நோலா சனிக்கிழமையே சூப்புப் பாத்திரத்தை ஃபிரிட்ஜில் வைத்தாள். ஞாயிறு பூசை முடிந்ததும் கராஜ் கதவைத் திறந்து, அண்டாவை அடுப்பில் ஏற்றினாள்.

வேலை நினைத்ததைவிடச் சாதாரணமாக இருந்தது. பள்ளிக்கூடத்துக்குச் சமைக்கிறவளுக்கு அண்டா புதிதல்ல. அவள் மால்ட் கஞ்சியைக் கிண்டும் விதத்தைப் பார்த்து, ஆர்லன் இதில் பாதி அழகாகக்கூடக் கிண்டமாட்டான் என்றான் டுவேன். மால்ட் வேகும் இனிப்பு வாசனை கராஜ் முழுக்க நிறைந்தது. அவன் உயிரோடு இருந்தபோது அவள் கதவை அறைந்து சாத்தின வாசனை. சாராயம் கலந்த கஞ்சி மாதிரி இருக்கிறது என்பாள். இன்று கதவை அகலத் திறந்து வைத்திருந்தாள். கொதிக்கும்போது கசப்புக்கென்று ஒரு சிட்டிகை ஹாப் வேண்டும் என்று மரிசெலா மன்றாடினாள். நோலா அளந்து, தானே போட்டாள். கடைசியில் கறுப்புத் தண்ணீரை ஊற்றினாள். பழுப்பாக இருந்த அண்டா ஒரே நொடியில் இருட்டாகிவிட்டது.

"அவ்வளவுதானா?" என்றாள்.

"அவ்வளவுதான்," என்றாள் மரிசெலா. "மீதிய ஈஸ்ட் பாத்துக்கும்."

"இதுக்கா அவன் ஞாயித்துக்கெழம பூரா கராஜ விட்டு வரமாட்டான்?"

அலமாரிக்குள் மறுபடியும் குமிழிச் சத்தம் கேட்டது. இந்த முறை கோட்டுகள் மாட்டும் இடத்தில் ஒரு அட்டை தொங்கியது. யாரும் வாளியைத் தொடக் கூடாது, முக்கியமாகக் குருமார்கள் தொடக் கூடாது என்று நோலா எழுதித் தொங்கவிட்டிருந்தாள். வருகிறவர்கள் படித்துச் சிரித்தார்கள். துக்க வீட்டில் சிரிக்கலாமா என்று தயங்கினவர்களையும் அந்த அட்டை சிரிக்க வைத்தது.

அக்டோபர் தொடக்கத்தில் கலந்து பார்த்தார்கள். கராஜ் மேசையில் கிளாஸ்கள். ஒன்றில் பாதிக்குப் பாதி. ஒன்றில் ஆர்லனுடையது கூடுதல், ஒன்றில் நோலாவுடையது கூடுதல். மரிசெலாவுக்குப் பாதிக்குப் பாதி பிடித்தது. டுவேனுக்கு நோலாவின் பீரே தனியாகப் பிடித்தது. அதில்தான் ஹாப் அதிகம் இல்லை என்றான். நோலா ஒவ்வொன்றையும் குடித்து, தலையாட்டி, ஒதுக்கி வைத்தாள். பிறகு யாரையும் கேட்காமல் ஒரு கிளாஸை எடுத்தாள். அவனுடையதை ஊற்றி, தன்னுடையதைக் கொஞ்சம் ஊற்றி, குடித்து, இன்னும் கொஞ்சம் அவனுடையதை ஊற்றினாள். மறுபடி குடித்தாள். ஆர்லன் காய்ச்சினதைத் தினமும் சாப்பாட்டு மேசையில் ஒரு வாய் வாங்கிக் குடித்து, முகத்தைச் சுளித்து, திருப்பிக் கொடுப்பது அவள் வழக்கம். அந்த ஒவ்வொரு வாயும் நாக்கில் எங்கேயோ சேர்ந்திருந்தது.

"இது," என்றாள். பிறகு, "இல்ல. கொஞ்சம் இனிப்பு கூட." பிறகு, "இருக்கட்டும். இவ்வளவு கிட்ட வந்தா போதும்."

புட்டிக்குள் நுரை கட்டுவதற்காகச் சர்க்கரைப் பாகு சேர்த்து, அன்றே புட்டிகளில் அடைத்தார்கள். டுவேன் நிரப்ப, மரிசெலா மூடி அழுத்த, பாதர் துடைத்து அடுக்கினார்.

விருந்தன்று கோயில் கூடத்தில் உட்கார இடமில்லை. கைகள் வெளுத்திருந்தன. பிசின் போக எல்லோரும் வாரக்கணக்கில் தேய்த்துக் கழுவியிருந்தார்கள். ஆர்லன் பழுதுபார்த்த இயந்திரங்களின் கதைகளைத் தோட்டக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து சொன்னார்கள். கண்காட்சிக்காரர்கள் திருப்பி அனுப்பிய கதையை டுவேன் சொன்னான். நாலு பேர் பூ போட்ட கதையைப் பாதரே சொன்னார். சிரிப்பில் கூடம் அதிர்ந்தது. நோலா புட்டிகளைத் திறந்து மேசை மேசையாக ஊற்றிக்கொண்டு போனாள். ஒவ்வொரு மேசையிலும் முதல் வாய் குடிக்கிறவரின் முகத்தைப் பார்த்துவிட்டே நகர்ந்தாள்.

ரெனே கிழவர் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அவர் டிராக்டர் நிழலில்தான் ஆர்லன் கடைசியாக உட்கார்ந்தான். அன்றிலிருந்து அவர் நோலாவின் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். இன்னொரு வாய் குடித்தார்.

"ஆர்லன் பீரு நாக்கக் கடிக்கும்," என்றார். "இது கடிச்சுட்டுத் தடவிக் குடுக்குது. உன் கையா?"

"ரெண்டு கையும்," என்றாள் நோலா.

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். கிளாஸை நீட்டி இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார். அவள் அவர் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அன்று முதல் முறையாகத் தனக்கும் ஒரு கிளாஸ் ஊற்றிக்கொண்டாள்.

நவம்பரில் ஒருநாள் தீவனக் கடைக்குப் போனாள். கோழித் தீவனம் வாங்கினாள். கதவுவரை போய்த் திரும்பி வந்து, கிறிஸ்துமஸுக்குக் காய்ச்ச மால்ட் எடுத்து வைக்கச் சொன்னாள். டுவேன் ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தான். கறுப்பு மால்ட்டை மட்டும் கொஞ்சம் குறைக்கச் சொன்னாள். ஆர்லன் சம்மதிக்கமாட்டான் என்றான் டுவேன். அவன் எப்போது தன்னைக் கேட்டான் என்றாள் நோலா.

ஊரில் பீர் காய்ச்சுகிறவர்கள் புட்டி மூடியில் தங்கள் பெயரின் முதல் எழுத்தை மையால் எழுதி வைப்பார்கள், யாருடையது என்று தெரிய. அக்டோபரில் புட்டி அடைத்த அன்று நோலா மூடிகளில் ஆர்லனின் எழுத்தை எழுத ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்தினாள்; தன் எழுத்தையும் எழுதவில்லை. கராஜ் அலமாரியில் மிச்சமிருக்கும் புட்டிகளில் பாதிக்கு இன்னும் எழுத்து இல்லை.